ஊரிலிருந்தே கணினி வேலை: கன்னியாகுமரி மாவட்டத்தில் பயிற்சி மையத்துக்கு நிதி திரட்ட முழுமையான வழிகாட்டி

"யாராவது பத்து லேப்டாப் வாங்கித் தந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." ஊரில் பயிற்சி மையம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் சொல்வது இதுதான். நானும் இப்படித்தான் தொடங்கினேன். லேப்டாப் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேர் திரும்ப அண்டி ஆபீஸுக்கே, அதாவது முந்திரி ஆலைக்கே, போய்விட்டார்கள். அவர்களுக்கு வேலை தெரியும். ஆனால் முதல் சம்பளம் கைக்கு வரும் வரை வீட்டில் அரிசி வாங்கப் பணம் இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு நாங்கள் யாரிடமும் நிதி கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கணினிப் பயிற்சி கொடுத்து, வெளியூர் நிறுவனங்களின் வேலையை ஊரிலிருந்தே செய்ய வைக்க விரும்பும் மகளிர் குழு, இளைஞர் மன்றம், பங்குப் பேரவை (தேவாலயப் பங்கு மக்களின் குழு), அறக்கட்டளை யாருக்கும் இது பொருந்தும். தொடங்கும் முன் ஒரு நோட்டு, ஒரு வங்கிக் கணக்கு, பொறுப்பை ஏற்க மூன்று பேர், கையில் ஆறு மாத அவகாசம் வேண்டும். ஆறு மாதம் இல்லையென்றால் சிறிய அளவில் தொடங்குங்கள்.

1. உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் பார்ப்பதற்குக் கிராமமாக இருக்கும் பல ஊர்கள் அரசுக் கணக்கில் பேரூராட்சி. குலசேகரம், கருங்கல், மணவாளக்குறிச்சி எல்லாம் பேரூராட்சிகள். ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்திருந்தாலும் காகிதத்தில் அவை நகர்ப்புறம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகர்ப்புறத்தில் இருப்பதாக வந்ததும் இதனால்தான்.

ஊரக வளர்ச்சித் துறையின் திட்டங்கள் கிராம ஊராட்சிகளுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. பேரூராட்சி முகவரியோடு ஊரகத் திட்டத்துக்கு விண்ணப்பித்து, நான்கு மாதம் காத்திருந்து, 'தகுதி இல்லை' என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரின் குடும்ப அட்டை முகவரியையும் எழுதி, பக்கத்தில் ஊராட்சி அல்லது பேரூராட்சி என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லையில் இருக்கும் ஊர் என்றால் இரண்டு பட்டியல் வரும். அப்படி வந்தால் நல்லது, இரண்டு பக்கமும் கேட்கலாம்.

2. வேலையை முதலில் தேடுங்கள், பயிற்சியைப் பிறகு

பயிற்சி முடிந்ததும் வேலை தேடலாம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இதை மாற்றிப் போடுங்கள். எந்த வேலை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் எந்தப் பயிற்சி, எத்தனை மாதம், எப்படிப்பட்ட கணினி என்று சொல்ல முடியும். நிதி தருபவர் கேட்கும் முதல் கேள்வியும் "முடித்தவுடன் எங்கே வேலை?" என்பதுதான்.

தொடக்கத்தில் கைக்கு எட்டும் வேலைகள் இவை: கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி கணக்குக்கு பில்களைப் பதிவது, இணையக் கடைகளுக்குப் பொருள் விவரம் ஏற்றுவது, தமிழிலும் மலையாளத்திலும் வாடிக்கையாளர் அழைப்பு எடுப்பது, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குப் படங்களிலும் பேச்சுப் பதிவுகளிலும் குறியிட்டுத் தருவது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழோடு மலையாளமும் நன்றாக வரும். அழைப்பு வேலையில் அது பெரிய பலம், விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள நான்கு ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நேரில் போய், "மாதம் எத்தனை பில் பதிய ஆள் வேண்டும்?" என்று கேளுங்கள். ஒருவர் சம்மதித்தாலும் அவருடைய லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 'பயிற்சி முடித்த இத்தனை பேருக்குச் சோதனை முறையில் வேலை தரத் தயார்' என்று இருந்தால் போதும். விண்ணப்பத்தோடு இணைக்கும் தாள்களில் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. வேலை தருவதற்கு முன்பணமோ 'பதிவுக் கட்டணமோ' கேட்பவர் வேலை தருபவர் அல்ல. டேட்டா என்ட்ரி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு 'பிழை அதிகம், இழப்பீடு கட்டு' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டும் கும்பல்களும் இருக்கின்றன. வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களும் உண்டு. இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் சுவரில் எழுதி வையுங்கள்.

3. ஆட்களின் பட்டியலும் அவர்களின் நேரமும்

'நூறு பேர் ஆர்வமாக இருக்கிறார்கள்' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பெயர், வயது, படிப்பு, முகவரி, இப்போது செய்யும் வேலை, வரக்கூடிய நேரம் எல்லாம் சேர்ந்த 25 பேர் பட்டியல் வேண்டும். முதல் அணிக்கு 15 பேர் போதும். மீதி 10 பேர் இடையில் விலகுபவர்களின் இடத்துக்கு.

நேரம்தான் பலரைத் தடுக்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்து முடிக்க முற்பகல் ஆகிவிடும். அவர்களுக்கு மதிய வகுப்பு வேண்டும். அண்டி ஆபீஸ் பெண்களுக்கு மாலை ஆறு மணிக்கு மேல். மேற்குக் கடற்கரை ஊர்களில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கடலுக்குப் போகும் இளைஞர்களை உட்கார வைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

இன்னொன்று, எங்களுக்கு நேர்ந்தது. அரசுத் திட்டங்களில் வருகைப் பதிவு ஆதாரோடு இணைந்த கைரேகையில் நடப்பதுண்டு. முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தேய்ந்திருக்கும். எங்கள் அணியில் ஒரு அக்கா தினமும் ஏழு மணிக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். இயந்திரம் சிவப்பு விளக்கையே காட்டும். வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் பதிவேட்டில் 'வரவில்லை' என்றே ஏறின.

பட்டியல் எழுதும்போதே ஒவ்வொருவரையும் இ-சேவை மையத்துக்கு அனுப்பிக் கைரேகை பதிகிறதா என்று பாருங்கள். பதியாதவர்களுக்கு ஆதாரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கண் கருவிழி அல்லது முகம் வழியாகப் பதிய வசதி உண்டா என்று திட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். வருகை குறைந்தால் தவணைப் பணம் குறையும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

4. இடம், மின்சாரம், இணையம்

பங்குக் கூடம், நூலகக் கட்டடம், மகளிர் குழுக் கட்டடம் என்று ஏற்கெனவே ஊரில் இருப்பதைக் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, குறைந்தது மூன்று வருடத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். இடத்துக்கு உத்தரவாதம் இல்லாத மையத்துக்கு யாரும் கணினி தரமாட்டார்கள்.

இணையத்தை இரவு எட்டு மணிக்கு, மழை பெய்யும் நாளில் சோதியுங்கள். காலை பத்து மணிக்கு எல்லா இணைப்பும் நன்றாகத்தான் ஓடும். மூன்று நாள் வேகத்தை எழுதி வையுங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அழைப்பு வேலைக்குப் பதிவேற்ற வேகமும் முக்கியம். ஃபைபர் ஒன்று, அது அறுந்தால் கைகொடுக்க வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று. மலையோரத்தில் மரக்கிளை விழுந்து கேபிள் அறுவது வாடிக்கை.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடியும் அப்படித்தான். எர்த் சரியாகப் போடாமல் நாங்கள் தொடங்கிய வருடம், ஐப்பசியில் ஒரே ஒரு இடியில் ரௌட்டரும் நான்கு சார்ஜரும் போயின. மாற்றி வாங்கப் பட்ஜெட்டில் தலைப்பே இல்லை. எர்த், இன்வெர்ட்டர், பழுது பார்ப்புக்கு ஒரு தொகை, மூன்றையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். வீட்டு மின் இணைப்பில் மையம் நடத்தாதீர்கள். எந்தக் கட்டண வகை என்று மின்வாரியத்தில் கேட்டு அந்தத் தொகையைக் கணக்கில் சேருங்கள்.

5. பணம் வாங்கத் தகுதியான அமைப்பு

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு பான் எண், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று எல்லோரும் சொல்லும் பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளமான தர்ப்பணில் எண். பதிவும் பான் எண்ணும் முதலில் வேண்டும், மற்றவற்றுக்கு அவை கேட்கப்படும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியை வாங்க 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் கட்டாயம். அதற்கு இதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நேற்றுப் பதிந்த அறக்கட்டளைக்கு நேரடியாகச் சிஎஸ்ஆர் பணம் வராது. அவசரப்பட்டு எங்கேயோ முடங்கிக் கிடக்கும் பழைய அறக்கட்டளையை 'விலைக்கு' எடுக்காதீர்கள், அதன் பழைய வரிப் பாக்கியும் கூடவே வரும். ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு அமைப்போடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, அவர்கள் பெயரில் நிதி வாங்கி நீங்கள் நடத்துங்கள். மூன்று வருடத்தில் உங்களுக்கும் கணக்கும் அனுபவமும் சேர்ந்துவிடும்.

6. செலவை நான்காகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு நிதியும் ஒரு வகைச் செலவுக்குத்தான் கிடைக்கும். மொத்தத் தொகையை ஒரே இடத்தில் கேட்டால், அவர்களால் தர முடிந்த பகுதியையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

15 பேர் கொண்ட மையத்துக்கு ஒரு வருடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். விலையை உங்கள் கொட்டேஷனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்: நல்ல நிலையில் உள்ள பழைய லேப்டாப் 15-க்கு, ஒன்று 20,000 வீதம் 3,00,000. ஹெட்செட் 22,500. மேசை, நாற்காலி, வயரிங், எர்த் 80,000. இன்வெர்ட்டர், பேட்டரி 60,000. ஆக 4,62,500.

பயிற்சி: பயிற்றுநருக்கு மாதம் 25,000 வீதம் நான்கு மாதத்துக்கு 1,00,000.

நடத்தும் செலவு: ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 12,000 வீதம் வருடத்துக்கு 1,44,000. வாடகை 60,000, மின்சாரம் 30,000, இணையம் 12,000, பழுது 30,000, தணிக்கை 15,000. ஆக 2,91,000.

இடைக்கால உதவி: பயிற்சி முடிந்து சம்பளம் நிலைக்கும் வரை 15 பேருக்கு மாதம் 3,000 வீதம் மூன்று மாதம், 1,35,000.

மொத்தம் 9,88,500. நான்காவது தலைப்பை எழுத எல்லோரும் மறக்கிறார்கள், நாங்களும் மறந்தோம். பயணச் செலவில் பெண்களுக்கு அதிகம் போடத் தேவையில்லை. அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பார்த்து வகுப்பை முடியுங்கள்.

7. எந்தச் செலவுக்கு எந்தக் கதவு

பொருளுக்கு: நாடாளுமன்ற உறுப்பினருக்கு வருடம் 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நிலையான சொத்துக்குக் கேட்கலாம், சம்பளத்துக்குக் கேட்க முடியாது. அரசுப் பள்ளி, நூலகம், ஊராட்சிக் கட்டடம் வழியாகக் கேட்பது சுலபம். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். கட்டட வேலைக்கு இது பொருந்தும்.

ஊராட்சி வழியாகப் போனால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்று முதல் மூன்றரை மாதம் வரை போய்விடும். இரண்டு வாரம் முன்பே ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் மனு கொடுத்து, பட்டியலில் உள்ள பெண்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அவர்களே எழுந்து பேசினால் தீர்மானம் நிற்கும்.

பயிற்சிக்கு: ஊராட்சிப் பகுதி என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். தீன்தயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சி 15 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளையும் கேளுங்கள். இவற்றில் பணம் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்துக்குத்தான் போகும். உங்களிடம் ஆள் பட்டியலும் இடமும் தயாராக இருந்தால் அவர்களையே உங்கள் ஊருக்கு அழைத்துவிடலாம். அவர்களுக்கும் ஆள் திரட்டும் வேலை மிச்சம். சுய உதவிக் குழுப் பெண்கள் இருந்தால் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரையும் சந்தியுங்கள்.

கிராமப்புற வீட்டுக்கு ஒருவருக்கு என்று நடந்த பிரதமரின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தை இன்னும் சிலர் கேட்டு அலைகிறார்கள். அது 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது.

நடத்தும் செலவுக்கு: சிஎஸ்ஆர். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். வேலைவாய்ப்புக்கான திறன் பயிற்சி அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. செயல்படும் இடத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்வதால் மாவட்டத்துக்குள் பணி இருக்கும் கம்பெனி, வங்கிகளிலிருந்து தொடங்குங்கள். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் ஆலை வைத்திருக்கும் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் போன்றவை இதில் வரும். மணல் எடுப்பது பற்றிக் கடலோர ஊர்களில் கருத்து வேறுபாடு இருப்பதால், அந்த நிதியைக் கேட்பதா என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகே மனு எழுதுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தில் இடம்பெற, நவம்பர், டிசம்பரிலேயே போய்ப் பார்ப்பது நல்லது.

இடைக்கால உதவிக்கு: இதற்கு அரசுத் திட்டத்தில் தலைப்பு தேட வேண்டாம், ஊர்ப் பணம்தான். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள், பங்கு, கோயில் கமிட்டி, ஜமாஅத், பழைய மாணவர்கள். 'ஒருவருக்கு மூன்று மாதம், 9,000 ரூபாய்' என்று கேட்டால் தருகிறார்கள். 'மையத்துக்கு நன்கொடை' என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

இதில் ஒரு சட்ட விஷயம். துபாயில் சம்பாதித்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் தேறியவர் தானே கணினி வாங்கித் தொழில் தொடங்க விரும்பினால், கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேட்கலாம். அது அந்த நபரின் கடன். மையத்துக்கான நிதியாக அதை எழுதாதீர்கள்.

8. விண்ணப்பம்

மூன்று பக்கம் போதும். முதல் பக்கத்தில் எத்தனை பேர், என்ன வேலை, யார் தருகிறார், எவ்வளவு சம்பளம். இரண்டாவதில் நான்கு தலைப்புப் பட்ஜெட், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கிடைத்தது', 'கேட்டிருக்கிறோம்', 'உங்களிடம் கேட்பது'. ஏற்கெனவே இரண்டு வரியில் 'கிடைத்தது' என்று இருந்தால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். அதனால்தான் இலவச இடத்தையும் ஊர்ப் பணத்தையும் முதலில் திரட்டச் சொல்கிறேன். மூன்றாவதில் பொறுப்பாளர்கள், மாதவாரித் திட்டம்.

'கிராமப்புற மேம்பாடு', 'டிஜிட்டல் புரட்சி' போன்ற வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். 'பட்டப்படிப்பு முடித்த 9 பெண்கள், இப்போது முந்திரி ஆலையில் வேலை, 6 மணிக்கு மேல் வர முடியும்' என்ற ஒரு வரி அதைவிட அதிகம் சொல்லும்.

9. பணம் வந்த பிறகு

ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பதிவேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. லேப்டாப்புக்கு வந்த பணத்தில் சம்பளம் கொடுத்துவிட்டு 'அப்புறம் சரிக்கட்டலாம்' என்று நினைத்தால் பணம் கேட்ட வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். அது இல்லாமல் அடுத்த தவணை வராது.

பெரிய பொருளுக்கு மூன்று கொட்டேஷன். ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டி, வரிசை எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். அரசுத் தவணை தாமதமாகவே வரும் என்று வைத்துக்கொண்டு, பயிற்றுநரின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்த பிறகே வகுப்பைத் தொடங்குங்கள்.

10. பயிற்சி முடிந்த அடுத்த தொண்ணூறு நாள்

சான்றிதழ் கொடுத்த மறுநாள் மையத்தைப் பூட்டாதீர்கள். வீட்டில் மேசையும் அமைதியும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் அலுவலகம். முதல் மாதம் எல்லோரும் மையத்தில் உட்கார்ந்தே வேலை செய்யட்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். முதல் வாரத்துப் பிழைகளால்தான் வேலை தருபவர் விலகுவார்.

இடைக்கால உதவியை மாதாமாதம், அந்த மாதம் செய்த வேலையைக் காட்டிய பிறகு, நேராக வங்கிக் கணக்கில் போடுங்கள். சம்பளம் வரத் தொடங்கியவருக்கு நிறுத்தி, வராதவருக்கு ஒரு மாதம் நீட்டுங்கள். யார் என்ன வேலை, எவ்வளவு வருமானம் என்று ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி போனில் கேட்டு நோட்டில் எழுதுங்கள். விலகியவர்களின் காரணத்தையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த அணிக்குப் பணம் கேட்கப் போகும்போது அந்த நோட்டின் நகலைத்தான் நாங்கள் முதல் இணைப்பாக வைக்கிறோம்.